லூஜி வீட்டுக் கையெழுத்து

என் அக்கா ராணியின் புருஷன் தனசேகரனை நேரில் மச்சான் என்பேன். முதுகுக்குப் பின்னால் மந்திரி என்பேன். தப்பில்லை, பரம்பரை அப்படி. அவர் தாத்தா ரங்கூன் துறைமுகக் கூலி லைனில் லூஜி. எங்கள் சனத்தைப் பெயர்த்து ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் கொண்டுவந்து போட்டபோது அவர் அப்பா லூஜி. லூஜி என்றால் வார்டுக்குப் பெரிய மனிதர். பிறப்போ இறப்போ, புருஷன் பெண்டாட்டி சண்டையோ, அவர் கையெழுத்து விழுந்தால்தான் முடியும்.

மச்சானுக்கு அதில் ஆசையே கிடையாது. த்வாண்டேயிலிருந்து படகில் பானை ஏற்றிவந்து விற்கப் போகிறேன் என்று திரிந்தவர். அப்பா செத்த பதினாறாம் நாள் வார்டே வாசலில் வந்து நின்றது. "எங்களுக்கு வேற யாரு இருக்கா தம்பி?" என்றார்கள். அவ்வளவுதான், மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ரங்கூனில் எத்தனையோ ஆட்சி மாறியது, லூஜி மாறவில்லை. அது சாமர்த்தியமா வெட்கக்கேடா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

ஆனால் நல்லவர். மழையில் குடிசை ஒழுகினால் இவர்தான் முதலில் தார்பாயோடு ஓடுவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க இவர் சொல் போதும். "லூஜி வீட்டுக் கையெழுத்து" என்று ஆபீஸ்களில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.

எங்கள் வார்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வயது உண்டு, வீட்டு வயசு, பாக்டரி வயசு. பதினெட்டு ஆகாமல் தையல் பாக்டரியில் சேர்க்கமாட்டார்கள். அதுவரை வயிறு காத்திருக்காது. 2022இல் சத்யபாமா வந்தாள். புருஷன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்து ஒரு மாதம். மகன் மூர்த்திக்குப் பதினைந்து.

"அண்ணே, மூணே மூணு வயசு கூட்டிப் போட்டுக் குடுங்க" என்றாள்.

மச்சான் போட்டுக் கொடுத்தார். பிறப்புச் சீட்டு தொலைந்துவிட்டது, பையனுக்குப் பதினெட்டு என்று சிபாரிசுக் கடிதம் எழுதினார். குடும்பப் பட்டியலில் அப்படியே ஏறியது. அசல் சீட்டு இருந்தால் என்றைக்காவது வம்பு என்று அதை அடுப்பில் போட்டு எரித்தார். நகரத்துக்குள்ளே கியாக்டடாவில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில்தான் அந்தக் கடிதத்துக்கு ஜெராக்ஸ் எடுத்தோம். மூன்று பிரதி. நானே எடுத்தேன், பாவி.

அப்படிப் பதினோரு பேருக்கு எழுதியிருந்தார். அதைப் பெருமையாகத்தான் சொல்வார். பதினோரு வீட்டில் அடுப்பு எரியுதுடா மாப்ள என்பார்.

2024இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. பதினெட்டு ஆன ஆண்கள் பட்டியலை வார்டு கொடுக்க வேண்டும், பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்க வேண்டும். மூர்த்திக்கு வீட்டில் பதினேழு, பட்டியலில் இருபது. மச்சான் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தார். உண்மையைச் சொன்னால் பதினோரு பிள்ளைகளின் வேலையும் அடையாள அட்டையும் போகும், இவரும் உள்ளே போவார். அத்தனை சீட்டில் அவன் பெயரா வரப்போகிறது என்று நானும்தான் தைரியம் சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட.

காலை பத்து மணி. வார்டு ஆபீஸ் முற்றத்தில் எல்லாரும் நின்றார்கள். சீட்டை எடுப்பது லூஜியின் வேலை. நாலாவது சீட்டைப் பிரித்த மச்சான் அதைக் கைக்குள் மடக்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அதிகாரி அதை வாங்கி மூர்த்தியின் பெயரைப் படித்தார்.

சத்யபாமா அழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணே, வீட்டு வயசைச் சொல்லுங்க" என்றாள்.

மச்சான் சொன்னார். என் தெய்வமே, அத்தனை பேர் முன்னால் சொன்னார். "பையனுக்குப் பதினேழுதான். நான்தான் பொய் எழுதினேன். என்னைப் பிடிங்க" என்று பர்மியத்தில் கத்தினார்.

அதிகாரி அந்தப் பழைய சிபாரிசுக் கடிதத்தைத் தேடி எடுத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே, ஊ தனசேகரன்?" என்று பெயருக்கு முன்னால் ஊ போட்டு மரியாதையாகவே கேட்டார்.

"ஆமா."

"பிறப்புச் சீட்டு?"

"எரிச்சிட்டேன்."

அதிகாரி சிரித்தார். கேலி இல்லை, ஊலே என்று மாமா முறை சொல்லி, மரியாதையாகத்தான் சிரித்தார். "உங்க மனசு இளகின மனசு, ஊலே. பையனைக் காப்பாத்தப் பழியைத் தலையில போட்டுக்கிறீங்க. உங்க அப்பா காலத்திலிருந்து இந்த வீட்டுக் கையெழுத்தில ஒரு பொய் கிடையாது. எங்களுக்குத் தெரியாதா?"

மச்சான் அவர் காலில் விழுந்தார். தூக்கி நிறுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். திட்டக்கூட இல்லை. திட்டி இழுத்துப்போயிருந்தால் அந்தப் பையன் வீட்டில் இருந்திருப்பான். அடுத்த வாரம் மூர்த்தி லாரியில் ஏறினான். தாடையில் நாலு முடிகூட முளைக்காத பிள்ளை.

போன வருஷம் மழைக்காலத்தில் வார்டு ஆபீசுக்கு ராணுவத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த மாதிரிச் சாவுக் கடிதத்தை லூஜிதான் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தனியாகப் போகப் பயந்து மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வாசலில் எங்களைப் பார்த்ததும் சத்யபாமாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கூப்பிடவில்லை. கடிதத்தை வாங்கி, பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணில் விரலை வைத்தாள்.

"இதுல இருபத்தொண்ணுன்னு இருக்கு. என் புள்ளைக்குப் பதினெட்டுதான் ஆச்சு. திருத்துங்கண்ணே."

மச்சான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இருபத்தொன்றை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார்.

சத்யபாமா அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"அன்னிக்கும் இதே பதினெட்டுதானே கேட்டேன், கேட்டதும் போட்டுக் குடுத்தீங்களேண்ணே" என்றாள். "பெத்தவ புத்தி கெட்டுக் கேப்பா. லூஜி நீங்க, ஒரு வார்த்தை திட்டி அனுப்பியிருக்கக் கூடாதா?"

மழை பிடித்துக்கொண்டது. அவள் கதவைச் சாத்திய பிறகும் மச்சான் அங்கேயே நின்றார். நான்தான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன்.