கருத்துப் பலகையில் ஒரு குவார்ட்டர்ஸ் எண்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் அதைப் பற்றி இரண்டு வரியாவது நோட்டில் எழுத வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் வேலை பார்த்த நூலகத்தில் எங்கள் நூலகர் சார் போட்ட சட்டம் இது. ஷிப்ட் முடிந்து, சுரங்கத்துப் பழுப்பு மண் ஒட்டிய செருப்போடு வருகிறவர்கள், கவுண்டரில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சிலைப் பிடித்து "நன்று" என்று எழுதிவிட்டு ஓடப் பார்ப்பார்கள். சார் விடமாட்டார்.

"என்ன நன்று? குழம்பு நன்றா, பொரியல் நன்றா? எது பிடிச்சுதுன்னு எழுதுங்க ஐயா."

"சார், எட்டு மணி நேரம் மெஷின்கிட்ட நின்னுட்டு வர்றேன். இங்கயும் பரீட்சையா?"

திட்டிக்கொண்டேதான் எழுதுவார்கள். ஆனாலும் எழுதினார்கள். மாதம் ஒருமுறை அந்த நோட்டிலிருந்து நல்ல கருத்துகளாகத் தேர்ந்தெடுத்து, பெரிய தாளில் அழகாக எழுதி, வாசலில் உள்ள பலகையில் ஒட்டுவோம். அந்தப் பலகை என் பொறுப்பு.

நான் அங்கே தற்காலிக உதவியாளர். என் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளி இறுதித் தேர்விலும் தேறியிருந்தேன். அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அந்த நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, அதே மண்ணை வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளப் பதிவேட்டில் அவர் வைப்பது கைநாட்டு. நானோ கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். என் கையெழுத்தைப் பார்த்து அச்சு மாதிரி இருக்கிறது என்று சொல்லாதவர் இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தேன்.

அந்த வருஷம் லாஸ் வேகாஸ் நகரத்தைப் பற்றி மூன்று புத்தகங்கள் ஒரே கட்டாக வந்தன. ஒன்று அமெரிக்கா போய்வந்த தமிழர் ஒருவர் எழுதிய பயண நூல். இன்னொன்று அங்கே கொலை நடக்கும் துப்பறியும் கதை. மூன்றாவது ஆங்கிலப் படப் புத்தகம். பாலைவனத்தின் நடுவே, சூதாட்டத்துக்கென்றே விளக்குகளை ஏற்றிவைத்து வளர்ந்த ஊர் அது. முந்திரிக்காட்டை வெட்டி, நேர்கோடாகத் தெருப் போட்டு, விளக்கு எரியவைத்த ஊரில் இருந்த எங்களுக்கு அதன்மேல் ஓர் ஆசை. மூன்று புத்தகங்களுக்கும் முன்பதிவு நீண்டது. நோட்டும் நிறைந்தது.

"அவ்வளவு விளக்கு எரிகிறதே, கரண்ட் எங்கிருந்து வருகிறது? புத்தகம் முழுக்கத் தேடினேன், இல்லை" என்று எழுதினார் அனல்மின் நிலையத்துக்காரர் ஒருவர். "அங்கே சூதாட்டக் கூடங்களில் கடிகாரமே கிடையாதாம். எங்களுக்கு மூன்று வேளையும் ஷிப்ட் சங்கு ஊதுகிறது. மாற்றிக்கொள்ளத் தயார்" என்று எழுதியவர் இரவு வேலையான சி ஷிப்ட் ஆள். மந்தாரக்குப்பத்தில் துணிக்கடை வைத்திருந்த பாய், "வருகிறவன் தோற்றால்தான் ஓடும் கடை. வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்று எழுதினார். "மாணவர் கைக்கு எட்டாத அலமாரியில் வைக்கவும்" என்று ஓர் ஆசிரியர் எழுதிய மறுநாளே மாணவர்கள் வந்து அந்த அலமாரி எது என்று கேட்டார்கள். துப்பறியும் கதைக்கு வந்த கருத்துகளில் எனக்குப் பிடித்தது: "கொலையாளி யார் என்று முப்பதாம் பக்கத்திலேயே ஒருவர் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். முதலில் அவரைப் பிடிக்கவும்."

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் பெண்களுக்கு. அப்போது தவறாமல் ஓர் அக்கா வருவார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் பிறந்தவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கணவருக்குச் சுரங்கத்தில், வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோகும் பெல்ட் செக்ஷனில் வேலை. குவார்ட்டர்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு நூலக கார்டு கிடைக்கும்.

"அந்தக் கையெழுத்து வாங்கறதுக்கு ஒரு மாசம் ஆச்சு, தெரியுமா?" என்று அவரே ஒருநாள் சொன்னார். "சோறு போடறப்பல்லாம் கேட்டுக்கினே இருந்தேன். 'போடறேன், குழம்ப ஊத்து மொதல்ல'ன்னாரு. வூட்டு வேல எதுனா கெட்டுப்போச்சுன்னா கார்ட வாங்கிக்குவேன்னும் சொல்லி வச்சிருக்காரு."

விரலை வரியின் கீழே நகர்த்தி, உதடு அசையப் படிப்பார். ஒரு வாரத்தில் முடிகிற புத்தகம் அவருக்கு இரண்டு வாரம் ஆகும். எனக்குப் பொறுமை இருக்காது. அவரைவிட ஆறு வகுப்பு கூடுதலாகப் படித்தவள் நான் என்பது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் நினைவுக்கு வரும்.

பயண நூலைப் படித்துவிட்டு அவர் நோட்டில் எழுதியது இது. பிழைகளை மட்டும் விட்டுவிட்டு, அவர் சொற்களிலேயே தருகிறேன்:

"எங்க வூட்டுக்காரரும் சீட்டு ஆடுவாரு. பண்டிகைக்கு மட்டும். தோத்துட்டு வந்தா சாப்புடாம படுத்துக்குவாரு. நான் சிரிப்பேன். அவருக்கும் சிரிப்பு வந்துடும், எழுந்து சாப்புடுவாரு. இந்த ஊருல தோத்தவங்க எங்க போயி படுப்பாங்க, அவங்ககூட யாரு சிரிப்பாங்கன்னு எழுதல."

இன்று இதைப் படிக்கும்போது அந்த மூன்று புத்தகங்களும் சொல்லாத ஒன்றை இவர் கேட்டிருக்கிறார் என்று தெரிகிறது. அன்று எனக்கு அப்படித் தெரியவில்லை. பேச்சுத் தமிழ், நீதி என்று எதுவும் இல்லை, எதற்கு இதில் சிரிப்பு? ஆனால் சூதாட்டப் புத்தகத்துக்குச் சீட்டாடுகிறவர் மனைவியே கருத்து எழுதியிருக்கிறார் என்பது பலகைக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. 'சூதின் தீமை' என்ற தலைப்பில் பரிசு வாங்கிய கை சும்மா இருக்குமா? பலகையில் நான் இப்படி எழுதினேன்:

"என் கணவரும் சூதாடுகிறவரே. அவர் தோற்று வரும் நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதில்லை, கண்ணீரே உணவாகிறது. அந்த மாநகரத்துக்கு ஏன் போக வேண்டும்? சூது குடிபுகுந்த ஒவ்வொரு வீடும் லாஸ் வேகாஸ்தான்."

மற்றவர்களுக்கு வழக்கம்போல் பெயரும் பிளாக்கும் குவார்ட்டர்ஸ் எண்ணும் போட்டேன். இந்தக் கருத்துக்கு மட்டும் பெயரை விட்டுவிட்டு, பிளாக்கையும் எண்ணையும் மட்டும் எழுதினேன். குடும்ப விஷயம், பெயர் தெரியக் கூடாது என்ற நாகரிகம். அதை நினைத்தும் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

சார் பலகையின் முன் நின்று கடைசி வரியை இரண்டு முறை படித்தார். "அருமைம்மா. நம்ம ஊர்ல இப்படி எழுதுற அம்மா ஒருத்தர் இருக்காங்களா?"

"இருக்காங்க சார்" என்றேன்.

"உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதும்போது இந்தத் தாளையும் சேர்த்து அனுப்பப் போறேன்."

மூன்றாம் நாள் மாலை அப்பா வேலையிலிருந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டார். பலகையில் புதுத் தாள் ஒட்டும்போதெல்லாம் அவர் நூலக வாசலுக்குப் போய், படிக்கத் தெரிந்த யாரையாவது முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார்.

"எத்தினி பேரு நின்னுக்கினு படிக்கிறாங்க தெரியுமா? எம் பொண்ணு எழுத்துன்னு சொன்னேன்" என்றார். பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஆனா அந்த மனுசன் பாவம். பெல்ட்டு செக்சன்ல அவுருக்கு லாஸ் வேகாஸ்னே பேரு வச்சிட்டானுங்க" என்றார்.

"எந்த மனுஷன்? நான் பேரே போடலியேப்பா."

"பேரு என்னாத்துக்கு? நம்பரு போட்டுக்கீறியே. அந்த வூட்டு எதுருலதான ஷிப்ட் பஸ்ஸு நிக்குது."

எங்கள் ஊரில் பால் கார்டில், ரேஷனில், ஆஸ்பத்திரிச் சீட்டில், எல்லாவற்றிலும் மனிதர்களுக்கு அந்த எண்தான். தபால்காரர் பெயரைப் பார்ப்பதில்லை. இன்னார் என்று சொன்னால் யார் என்று கேட்பவர்கள், பிளாக்கையும் எண்ணையும் சொன்னால் 'அட, அவரா' என்பார்கள். எல்லோரும் வெவ்வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் குடும்பம் இன்னொருவருக்குத் தெரியாது, வீட்டு எண் தெரியும். இந்த ஊரிலேயே வளர்ந்த நான் பெயரை மறைத்து எண்ணைப் போட்டிருக்கிறேன். அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். ஒரு முறை எழுதியது போதும்.

"பஸ்ஸுல என்னா கேக்கறானுங்க தெரியுமா?" என்றார் அப்பா. "'தூக்குல என்னாடா, சோறா கண்ணீரா?'ன்னு. அவுரு பாதி வழியில எறங்கி நடந்தே போயிட்டாரு."

மறுநாள் காலை, எண்ணை மட்டும் சுரண்டி எடுத்துவிடலாம் என்று பிளேடோடு சீக்கிரமே போனேன். சார் எனக்கு முன்பே வந்து கதவைத் திறந்திருந்தார். பலகையின் முன்னால் ஒருவர் நின்றிருந்தார். நான் உள்ளே போய்க் கவுண்டரில் உட்கார்ந்ததும் அவரும் வந்தார். புத்தகத்தையும், அதன்மேல் அக்காவின் கார்டையும் வைத்தார்.

"யம்மா, ஒண்ணு கேக்கணுங்க. பலகையில இருக்கறது எங்க வூட்ல எழுதனதுங்களா?"

நோட்டு எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது. பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். எனக்குப் பின்னால் சார் பத்திரிகைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். குத்துகிற சத்தம் நின்றது.

"அவ, நான் இப்படி எழுதலன்றா. எங்க வூட்ல அடுப்பு எரியாத நாளே இல்லீங்க. நான் ஆடறது தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். அவ பொய் சொல்றாளா இல்லியான்னு மட்டும் சொல்லிடுங்க. நீங்க படிச்சவங்க."

படிச்சவங்க என்று அவர் சொன்னது என்னை உண்மையின் பக்கம் தள்ளியிருக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் நின்றுபோன முத்திரைச் சத்தமே எனக்குப் பெரிதாக இருந்தது.

"அவங்க எழுதினதுதாங்க" என்றேன். "எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரிங்க" என்றார். "கார்ட அடிச்சிடுங்க. இனிமே அவ வரமாட்டா."

அவர் போனதும் "என்னம்மா விஷயம்?" என்று சார் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். கார்டு வேண்டாமாம்."

'ரத்து' என்ற ரப்பர் முத்திரையை அக்காவின் கார்டில் நான்தான் குத்தினேன். அதற்குப் பிறகு நாலைந்து வெள்ளிக்கிழமைகள் அவர் உட்காரும் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் எனக்கு நிம்மதியாக இருந்தது. காலியாக இருந்தால்தான் பார்க்க முடியவில்லை. அதற்குள் என் வேலை நிரந்தரமாகி உத்தரவு வந்தது. அப்பா ஷிப்ட் பஸ்ஸில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அந்த மனிதரும் ஒன்று எடுத்துக்கொண்டார் என்று சொன்னார்.

அந்த மிட்டாய்க்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மதியம், என் கார்டில் ஒரு கதைப் புத்தகம் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அக்கா வேலிக் கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கணவரின் நீலச் சட்டையை உதறி மாட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அக்கா, அவர் வந்ததும் நானே சொல்லிடறேன். மாத்தி எழுதினது நான்தான்னு."

"இப்பவா?" என்றார். "அன்னிக்கி உன்கிட்ட வாயத் தொறந்து கேட்டாரே, அப்பத்தான் சொல்லியிருக்கணும். இப்ப சொன்னா, நான் உன் கையில கால்ல வுழுந்து கூட்டியாந்தன்னு நெனப்பாரு. அதுக்கு வேற ஒரு சண்ட."

"இன்னும் சண்டையாக்கா?"

"சண்ட போட்டாத் தேவலாமே. பொங்கலுக்குக்கூட சீட்டத் தொடல. நல்லதுதானன்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்றாங்க." அடுத்த துணியைப் பிழிந்தார். "வூட்ல சிரிப்புதான் இல்ல."

நான் புத்தகத்தை நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் பக்கத்தைத் திறந்து, வரியின் கீழே விரலை வைத்து, உதடு அசைய ஒரு பத்தி படித்தார். பிறகு மூடி என்னிடமே கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் எழுதனது அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் மாத்துன?"

சங்கு ஊதியது. சிறிது நேரத்தில் ஷிப்ட் பஸ் வந்து இந்த வாசலுக்கு எதிரேதான் நிற்கும். அக்கா காலி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் என்ன சொல்லியிருந்தாலும் நான் அங்கேயே நின்றிருக்கலாம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரிடம் மூன்றே வார்த்தை சொல்லியிருக்கலாம். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். முனை திரும்பும்போது பஸ் என்னைக் கடந்து போனது. ஜன்னல்களைப் பார்க்காமல் இருப்பதற்காக, வேலி ஓரமாகவே தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.