மேலிடத்து விலங்குகள்

கிரேன் ஓட்டுபவர் மேலே பாம்பு வளர்க்கிறார் என்று முதலில் சொன்னது யார் என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. கம்பி கட்டுபவர்களைக் கேட்டால் பலகை அடிப்பவர்கள் என்கிறார்கள். பலகை அடிப்பவர்களைக் கேட்டால் கேன்டீன் என்கிறார்கள். கேன்டீன்காரர், "நான் டீ மட்டும்தாங்க போடுறேன்" என்று கும்பிட்டுவிட்டார். ஆனால் பாம்பைத் தன் கண்ணால் பார்த்தவர்கள் மட்டும் குறைந்தது நாற்பது பேர். எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் மேலே நின்ற மஞ்சள் கிரேனின் கண்ணாடி அறையிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மஞ்சளும் பழுப்புமாக நீளமாக ஏதோ வெளியே தொங்கியது. காற்றில் நெளிந்தது. அப்புறம் உள்ளே போய்விட்டது. நீளம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. சம்பளம் குறைந்தவர்களுக்குச் சற்று அதிகமாகவே தெரிந்தது.

விசாரித்ததில், தொங்கியது உண்மை. பாம்பு என்பதுதான் தவறு. அது ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து. கம்பளி நூலில் பின்னியது. உடம்பு இன்னும் ஆகவில்லை.

இதைக் கண்டுபிடித்த பெருமை தளத்தின் பாதுகாப்பு அதிகாரியைச் சேரும். வருஷத்துக்கு ஒருமுறை ஏணியில் ஏறுகிறவர், அந்த வருஷத்துக் கணக்கை அன்று தீர்த்தார். கையுறை, கோணிப்பை சகிதம் அறைக்குள் தலையை நீட்டி மூச்சு வாங்கினார்.

"எங்கய்யா அது?"

"எதுங்க சார்?"

"நடிக்காதே. பாம்பு."

கிரேன்காரர் மடியிலிருந்து கழுத்தைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

"என் பிள்ளைங்களுக்கு சார். கான்கிரீட் வண்டி வர்ற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கேன்?"

"ஊசி கீழ விழுந்தா? ஒருத்தன் மண்டையில இறங்கினா?"

இரண்டு ஊசிகளிலிருந்தும் அவருடைய இடுப்பு பெல்ட்டுக்குக் கயிறு போயிருந்தது. அதிகாரி கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஸ்பேனருக்கு என்ன விதியோ அதே விதி. குற்றம் சொல்ல வழியில்லை. வந்ததற்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"கழுத்தையும் கட்டு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கிரேன்காரருக்குத் தளத்தில் 'மேலிடம்' என்று பெயர். வைத்தது விசில். கீழே நின்று வாக்கி-டாக்கியில் ஏற்று, இறக்கு என்று சொல்லும் பையனுக்கு விசில் என்ற பெயர் ஏன் வந்தது என்று கேட்டால் அது தனிக் கதை. "மேலிடத்து உத்தரவு இல்லாம ஒரு கம்பி நகராது", "மேலிடம் சாப்பிடுது, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று அவன் ஒலிபரப்ப ஆரம்பித்து, கடைசியில் இன்ஜினியர்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள். உத்தரவு போடத் தெரியாத ஒரே மேலிடம் அது.

கிரேன் வேலை என்றால் ஓயாமல் தூக்குவது என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மேலே அது பெரும்பாலும் காத்திருப்பது. காலையில் ஏணி ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவது. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் மேலேயே. இப்படிப் பன்னிரண்டு வருஷம். அவரும் மனைவியும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்றிருந்தால் சொந்தக்காரர்களுக்கு விளங்கியிருக்கும். அவர்கள் சண்டையே போடவில்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் அந்த அம்மாள், வலிக்காமல் குத்தத் தெரிந்தவர், ஒரு நாள் ஒரே வாக்கியம் சொன்னார்: "நீங்க வீட்டுல இருந்தாலும் மேலதான் இருக்கீங்க." அவர் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பத்து வயது மகளும் ஐந்து வயது மகனும் அம்மாவோடு. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும் அப்பாவோடு, பூங்காவில், பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை.

பின்னல் அப்போது வந்த பழக்கம். கடையில் வாங்கிய பொம்மை வாங்கிய அன்றே அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. பின்னினால் மூன்று வாரம் மடியிலேயே இருக்கிறது. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒரு கண்ணி நழுவினால் முழு வரிசையும் பிரிந்து வந்துவிடும் என்பதை முதல் முயலின் காது நான்கு தடவை சொல்லிக்கொடுத்தது.

அவருடைய விலங்குகளிடம் ஒரு கோளாறு உண்டு. எல்லாவற்றுக்கும் முதுகு பிரமாதமாக வரும். கண்கள் மட்டும் உச்சந்தலையில் இருக்கும். பாவம், அவர் என்ன செய்வார்? பன்னிரண்டு வருஷமாக மனிதர்களையே உச்சந்தலையில் பார்த்துப் பழகியவர். நாயும் யானையும் எப்படியிருக்கும் என்று யோசித்தால் மேலிருந்துதான் யோசனை வருகிறது.

"ஏன்ப்பா எல்லாம் ஆகாசத்தையே பாக்குது?" என்றாள் மகள், யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"மழை வருதான்னு பாக்குது."

"சரி, யானை ஏன் ஆரஞ்சு?"

"கடையில அந்தக் கலர்தான் இருந்துச்சு."

இது முழுப் பொய். கடையில் சாம்பல் நிறம் மூட்டை மூட்டையாக இருந்தது. விஷயம் வேறு. பதினாறாவது மாடிக் கான்கிரீட் இறுகியதும் கிரேனை இன்னும் ஆறு மீட்டர் உயர்த்தினார்கள். அதுவரை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்திருந்த மொட்டைமாடி ஒன்று, ஐந்தாறு தெரு தள்ளி, ஒரு காலை வேளையில் வெளியே வந்தது. பிள்ளைகள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடி. அங்கே ஒரு கொடி. கொடியில் துணி. துணிகளுக்கு நடுவே, காதில் கிளிப் போட்டு, பச்சையாக ஒரு புள்ளி. அவர் பின்னிய நாய்.

அன்றிலிருந்து அவர் மங்கல் நிறம் வாங்கவில்லை. தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே. கொடிதான் அவருக்குக் காலைப் பேப்பர். அழுக்கானால்தானே துவைப்பார்கள், கட்டிக்கொண்டு புரண்டால்தானே அழுக்காகும். பச்சை நாய் வாரம் தவறாமல் தொங்கியது. ஆரஞ்சு யானை ஒரே வாரத்தில் இரண்டு தடவை தொங்கியபோது, சின்னவன் பாலைக் கொட்டியிருப்பான் என்று தனியாகச் சிரித்தார். ஊதா ஆந்தை மட்டும் ஒருநாளும் வரவில்லை. சரி, பிடிக்கவில்லை என்று அவர் ஆந்தை இனத்தையே கைவிட்டார்.

அப்புறம் ஒரு வாரம் கொடி காலி. மழைக்காலம்கூட இல்லை. இரண்டாவது வாரமும் காலி. மூன்றாவது வாரம் கொடியையே காணோம்.

மகளுக்குப் பத்து முடிந்துவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து முடிந்த பெண் பொம்மையோடு எத்தனை நாள் இருக்கும்? அக்கா தூக்கிப் போட்டதைத் தம்பி மட்டும் வைத்துக்கொள்வானா? அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் போட்டிருப்பார்கள். அல்லது கீழே குப்பைத்தொட்டியில். இதை யாரிடம் கேட்பது? 'என் நாய் அழுக்காயிருக்கா' என்று பிரிந்திருக்கும் மனைவிக்கு ஒருவர் மெசேஜ் அனுப்ப முடியுமா? பாதியில் நின்ற ஒட்டகச்சிவிங்கியை டிபன் பைக்குள் திணித்தார். வேலை இல்லாத நேரத்தில் கிரேனை ரயில்வே யார்டு பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதுதான் வசதி.

"மேலிடம், என்னண்ணே, பாம்பு செத்துப்போச்சா?" என்றான் விசில், ஊர் கேட்க.

"வேலையப் பாருடா."

கட்டடம் இருபத்திரண்டாவது மாடியைத் தொட்டுவிட்டது. வியாழக்கிழமை கிரேனைக் கழற்றுவதாக நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின ஞாயிறு, இரண்டாவது ஞாயிறு.

பூங்கா வாசலில் இறங்கியதும் மகன் பையைத் திறந்து ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக ஒன்றை நீட்டினான். உள்ளங்கையில் அடங்கியது.

"இது என்னடா கண்ணா?"

"யானை."

"எந்த யானை?"

"நம்ம யானைதான்ப்பா. குட்டி ஆயிடுச்சு!"

மகள்தான் விளக்கினாள். "அம்மா புது மெஷின் வாங்கிட்டாங்க. துவைச்சு, அதுவே சூடா காயவச்சும் குடுத்துடும். இதுங்களையும் உள்ள போட்டோம். எல்லாம் சுருங்கிப்போச்சு. நாய் எலி மாதிரி இருக்கு. அம்மா ஐயோன்னு தலையில கைய வச்சுட்டாங்க. இவன்தான் குதிக்கிறான்."

"எல்லாம் குட்டி போட்டுடுச்சு!"

"குட்டி போடலடா லூசு, இதுங்களே குட்டி ஆயிடுச்சு."

கொடியை விழுங்கியது ஒரு மெஷின் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை. மெதுவாகக் கேட்டார். "ஆந்தை?"

"ஆந்தைய நான் துவைக்கவே விடமாட்டேன். தலகாணி உறைக்குள்ள இருக்கு. அம்மாவுக்கே தெரியாது. சொல்லிடாதே."

அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "அப்ப மொட்டைமாடிக்கு இப்ப யாரும் போறதில்ல," என்றார், பேச்சுக்கு.

"நான் போறேனே."

"எதுக்கு?"

"உனக்குக் கை காட்டத்தான்." மகளின் குரல் மாறியது. "முன்னாடி அம்மா துணி காயப்போடுவாங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி இருப்பாங்க, வெக்கமா இருக்கும். இப்ப யாரும் வர்றதில்ல. ஸ்கூல் விட்டு வந்ததும் போய்க் காட்டுறேன். பதினேழு தடவை காட்டிட்டேன். நீ ஒரு தடவகூடத் திருப்பிக் காட்டல. உன் கிரேன் முதுகைக் காட்டிட்டு நிக்குது."

"அது... காத்துமா."

"பொய்."

பொய்தான். "சரி. பதினேழும் குடுத்துடறேன்."

"எப்ப?"

"நாளைக்கே ஆரம்பிக்கிறேன். வியாழக்கிழமை கிரேனைக் கழட்டிடுவாங்க."

மகள் விரல் மடக்கினாள். "மூணு நாள் இருக்கு. ஒரு நாளைக்கு ஆறு காட்டு. ஒண்ணு கூட வரும், அது லேட் பண்ணதுக்கு."

திங்கட்கிழமை நாலே முக்காலுக்குக் கொக்கியை ஏற்றி, மொட்டைமாடி பக்கம் திரும்பினார். ஒரு சின்னப் புள்ளி நின்றது. ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினார். ஆட்டும்போதே உறைத்தது: அங்கிருந்து பார்த்தால் இந்தக் கை எறும்பின் மீசை. உட்கார்ந்து லீவரைப் பிடித்தார். அறுபது மீட்டர் நீளமுள்ள கிரேனின் கை ஊருக்கு மேலே மெதுவாக இடப்பக்கம் போனது. மெதுவாக வலப்பக்கம் வந்தது. ஒன்று.

"மேலிடம், மேலிடம், என்ன பண்றீங்க?" என்று அலறினான் விசில்.

"கை காட்டுறேன்டா."

"எனக்கா?"

"உனக்கு எதுக்குடா?"

ஆறு தடவை. புள்ளி குதித்ததா, கண்ணில் தண்ணீர் நின்றதால் அப்படித் தெரிந்ததா, சொல்ல முடியவில்லை. காற்றின் போக்கைச் சோதித்ததாகப் பதிவேட்டில் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை உண்மையாகவே காற்று. மத்தியானமே எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை கடைசி கான்கிரீட் வண்டி நாலரைக்கு வந்து, தீர்க்க ஐந்தரை ஆனது. மொட்டைமாடியில் யாருமில்லை. இருந்தாலும் ஆறு தடவை ஆட்டினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் வந்தது. முதலில் பிள்ளைகளின் அம்மா. "இனிமே பின்னினா, சூடு ஆகாதுன்னு ஒரு சீட்டு ஒட்டிக் குடுங்க. எனக்கு அன்னைக்கு அழுகையே வந்துடுச்சு," என்றார். அவர் பதில் யோசிப்பதற்குள் மகள் போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் கீழ வந்துட்டேன்ப்பா, ஹோம்வொர்க். நான் பாக்காதது கணக்கில்ல. திங்கக்கிழமை ஆறுதான்."

இப்போது அவர் ஊரின் மறுகோடியில் வேலை பார்க்கிறார். ஒட்டகச்சிவிங்கியின் உடம்பை இரண்டு மடங்கு பெரிதாகப் பின்னுகிறார், எப்படியும் சுருங்கும் என்று. போன இரண்டாவது ஞாயிறு பூங்காவில் மகளைக் கண்டதும், மிச்சத்தையும் அடைத்துவிடலாம் என்று வாசலிலிருந்தே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"இது செல்லாது," என்றாள். "ரொம்பக் கிட்ட."

பூங்காவின் கடைசிக்கு, மரங்களுக்கு அப்பால் ஓடிப் போய் நின்று ஆட்டினார். தலையை ஆட்டி மறுத்தாள்.

"உன் புது எடத்துல எத்தனை மாடிப்பா?"

"முப்பது."

"அப்ப அங்க ஏறுனதும் காட்டு. வாங்கிக்கிறேன்."

புதிய தளத்தில் இப்போதுதான் பள்ளம் தோண்டுகிறார்கள். பதினேழில் பதினொன்று பாக்கி.