மஞ்சள் கோடும் என் பேத்தியும்

மஸ்கட்டிலிருந்து விமானம் ஏறி, விடியற்காலையில் சென்னையில் இறங்கி, குளித்து முடித்து, அடையாற்றில் மகள் வீட்டு சோபாவில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறேன். என் பேத்தி யாழினி தூங்கி எழுந்து வந்தாள். நாலு வயது இன்னும் நிறையவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். நேராக உள்ளே போய் போனை எடுத்து வந்து, என் மகள் செல்வியிடம் நீட்டி, "தாத்தாவைக் கூப்பிடும்மா. வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்கன்னு சொல்லணும்" என்றாள். "நான்தாம்மா தாத்தா" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குத் தாத்தா என்றால் போன் கட்டத்துக்குள் தெரிகிற ஒரு முகம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. நானோ காலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

வளைகுடாவில் இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஊரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மஸ்கட்டில் ருவிப் பக்கம் கார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் என் கடையைக் காட்டுவார்கள். சீட் கவர் தைக்கிற கடை. ஒன்று அல்ல, மூன்று. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், சென்னை ஜி.பி. ரோட்டில் கார் சாமான் விற்கிற ஒரு கடையில் ரெக்சின் வெட்டக் கற்றுக்கொண்டு, மயிலாப்பூர் கால்வாய் ஓரத்துக் குடிசையிலிருந்து கிளம்பியவன் நான். இன்றைக்கு என்னிடம் பட்டதாரிகள் சம்பளம் வாங்குகிறார்கள். ஓமானியப் பெரிய மனிதர்கள் வண்டியை விட்டுவிட்டு, "உஸ்தாத், நீ பார்த்துச் செய்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இத்தனை பேர் அறிந்த மனிதனிடம் இந்தப் பெண் பொம்மையை வாங்கிக்கொண்டாள், பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டாள், சுங்க அதிகாரி மாதிரி பெட்டியின் அடிவரைக்கும் கிளறிப் பார்த்தாள், கடைசியில் "தேங்க் யூ அங்கிள்" என்றாள்.

லீவு ஒரு மாதம். அதற்குள் இவள் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டு, தானாக வந்து என் கையைப் பிடிக்க வேண்டும். மூன்று கடையை உண்டாக்கினவனுக்கு இது ஒரு பெரிய காரியமா என்றுதான் நினைத்தேன். முதல் வாரம் அப்படியே போயிற்று. பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடப் போனால் என் கைக்குப் பதிலாக மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப் போகலாம் என்று முடிவு செய்தேன். செல்வி ஒப்புக்கொள்ளவில்லை.

"இந்த வயசுல எதுக்குப்பா? போன வருஷம் லீவு பூரா உங்க தோள்லதான் தூங்கினா. இப்ப அவளுக்கு ஞாபகம் இருக்கா? ஆறு வயசாவது ஆகட்டும். நினைப்பு நிக்கிற வயசுல கூட்டிட்டுப் போங்க."

என் மகள் படித்தவள். எதையும் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்வாள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டாள். மூன்று வயதே போதும், தண்ணீரைக் கண்டால் பயம் போகும் என்று ஒருத்தி. ஏழு வயதுக்குக் கீழே வெயிலில் வாந்திதான் எடுக்கும் என்று இன்னொருத்தி. டயப்பர் விட்ட மறுநாளே போகலாம் என்று ஒருத்தர். நடுவில் ஒரு அம்மாள், இட்லி மாவு தயார், வேண்டுவோர் சொல்லலாம் என்று போட்டிருந்தார். அத்தனையும் படித்துக் காட்டினாள். நான் கேட்டுவிட்டு, "ஆறு வயசுல அவ தயாரா இருப்பா. எனக்கு அப்ப ராட்டினம் ஏறுற மாதிரி முட்டி இருக்குமான்னு அந்தக் குழுவுல கேளு" என்றேன். செல்வி போனைக் கீழே வைத்தாள். "சனிக்கிழமை போலாம்" என்றாள்.

மஸ்கட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நான் போன புதிதில் அங்கே ஒரு பூங்காவில் ராட்டினம் சுற்றும். வெள்ளிக்கிழமை என்றால் வாசலில் நிற்கிறவன் தனி ஆட்களை உள்ளே விடமாட்டான். குடும்பத்தோடு வந்தால்தான் அனுமதி. அறையில் நாங்கள் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் குடும்பம் உண்டு, எல்லாம் ஊரில். செல்வி அப்போது மயிலாப்பூரில் அவள் அம்மாவோடு. தையல்காரன் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் வருவேன். ஒரு தரம் வந்தபோது என்னைக் கண்டு அழுதாள். அடுத்த தரம் வந்தபோது பரீட்சை. அதற்கடுத்த தரம் ராட்டினத்துக்குத் தோழிகளோடு போய்க்கொள்கிறேன் என்றுவிட்டாள். அவளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் என் மனைவியை அங்கே அழைத்துக்கொண்டேன். இப்போதும் நான் இங்கே வந்தால் கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், என்னைவிட நன்றாக.

அதற்கு முந்தைய காலத்து மயிலாப்பூரிலும் வயது பார்த்ததில்லை. பங்குனித் திருவிழாவுக்கு மாடவீதிப் பக்கம் மரராட்டினம் வரும். சுற்றுகிற ஆள் பிள்ளையைத் தூக்கிப் பெட்டியில் வைப்பான், "கம்பியப் புடி" என்பான். பிடித்தால் ஏற வயது வந்துவிட்டது. பிடிக்காவிட்டால் இறக்கிவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்குவான்.

குளக்கரை ஆட்டோ நிறுத்தத்தில் ஏழுமலையைப் பார்த்து இந்த விவரத்தைச் சொன்னேன். என் கூடவே கால்வாயோரம் வளர்ந்தவன். குடிசைகளை எடுத்த பிறகு செம்மஞ்சேரிக்குப் போனவன், ஆட்டோவை மட்டும் இன்னும் மயிலாப்பூரில்தான் ஓட்டுகிறான்.

"வாய்யா துபாய் சேட்டு."

"துபாய் இல்லடா, மஸ்கட்டு."

"எல்லாம் ஒரே மண்ணுதான். இன்னா விஷயம், சொல்லு."

சொன்னேன். அவன் பேரனை அழைத்துப் போய் வந்தவன். "அங்க வயசெல்லாம் கேக்க மாட்டான் நைனா. செவுத்துல ஒரு கோடு போட்டு வச்சிகீறான். புள்ள கோட்டத் தொட்டா ஏத்துவான். தொடலன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்க வேண்டியதுதான். நீ டி.நகருக்குப் போ, அடி ஒசந்த ஷூவா ஒண்ணு வாங்கு. ஒரு கொண்டையும் போட்டு வுடு."

டி.நகரில் கடைக்காரப் பெண் எந்த வயதுக்கு என்று கேட்டாள். வயதை விடம்மா, அடி எவ்வளவு கனம் என்று பார்த்துச் சொல் என்றேன். "பாப்பா வசதியா நடக்கணும்ல சார்?" என்றாள். "நடக்க வேணாம்மா. நின்னா போதும்." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு ஜோடியைக் கொண்டுவந்தாள். செங்கல் மாதிரி அடி. மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும். யாழினிக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே இரவெல்லாம் போட்டுக்கொண்டு திரிந்தாள். என்னை மட்டும் இன்னும் அங்கிள் என்றுதான் சொன்னாள்.

சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு ஆபீஸ். நாங்கள் மூன்று பேர் போனோம். சீட்டு கொடுக்கிற இடத்திலேயே தூணில் மஞ்சள் கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம், ஏனென்றால் பெரிய ராட்டினம் எதிலும் ஏற்றமாட்டார்கள். ஷூவும் கொண்டையுமாக யாழினி தூணருகே போய் நின்றாள். தலை கோட்டைத் தொட்டுவிடும் போலிருந்தது. எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, குனிந்து அவள் காதில், "கண்ணு, முட்டியை லேசா மடக்கு" என்று சொல்லிவிட்டேன். எங்கள் அம்மா பஸ்ஸில் அப்படித்தான் சொல்வாள். கம்பியில் அரை டிக்கெட்டுக்கு ஒரு கோடு இருக்கும். நான் முட்டியை மடக்குவேன். எனக்கு மீசை அரும்புகிற வரைக்கும் எட்டு வயதுதான். கண்டக்டர்கூட ஒரு தரம், "இன்னாம்மா, போன வருஷமும் எட்டு, இந்த வருஷமும் எட்டா? புள்ளைக்கு இன்னாதான் போடுற?" என்று கேட்டிருக்கிறார்.

யாழினி மடக்கினாள். சீட்டு வேண்டாம் என்று சொல்லி உள்ளே விட்டார்கள். "சமத்து" என்று கன்னத்தைத் தட்டினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வந்த பிறகு என்னைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு அது.

செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, "மூணு கடை வச்சிருக்கிற மனுஷன் பண்ற வேலையாப்பா இது?" என்றாள்.

"கடை இப்ப வந்ததும்மா. இது அதுக்கு முந்தி வந்தது."

உள்ளே ஒரு ரயில். முன்பக்கம் டிராகன் தலை, மேலே ஏறி, சரிந்து, வளைந்து வரும். யாழினி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இதில்தான் ஏறுவேன் என்று விரலை நீட்டினாள். வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தான். அவன் பக்கத்துத் தூணிலும் அதே உயரத்தில் மஞ்சள் கோடு. ஷூ இருக்கிறது, கொண்டை இருக்கிறது, போ என்று அனுப்பினேன். அவள் தூணில் முதுகை ஒட்டி நின்று, என்னைப் பார்த்து, அழகாக முட்டியை மடக்கினாள். மடக்கிக்கொண்டே முகத்தைத் தூக்கிப் பார்க்கிறாள், எப்போது சமத்து என்று சொல்வேன் என்று.

என்ன செய்வது? "சமத்து" என்றேன்.

செல்வி சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆள் கையை ஆட்டினான், முடியாது என்று. இன்னொரு தரம் அளந்து பாருங்கள் என்றேன். அவனுக்குத் தமிழ் புரியவில்லை. பீகார்க்காரன். ஏழு கடல் தாண்டி நான் கற்ற இந்தியை என் சொந்த ஊரில் எடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளை நிமிர்ந்து நின்றால் வரும், நான் சொன்னதால்தான் குனிந்தாள் என்று விளக்கினேன். நடுநடுவே அரபியும் விழுந்திருக்க வேண்டும். அவன் மரியாதையாக, "சாப், நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டான். மயிலாப்பூர் என்றேன். "அது இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஒரு ராத்திரிப் பயணமா?" என்றான். பார்க்குக்கு உள்ளேயே அறை கொடுத்திருக்கிறார்களாம், மாதக்கணக்காக வெளியே போனதில்லை. எனக்குக் கோபம் போய்விட்டது. ருவியில் முதல் வருடம் எனக்கும் அடுத்த தெரு தெரியாது.

அவன் ஷூவைக் கழற்றச் சொன்னான், கொண்டையை அமுக்கினான், அளந்தான். இரண்டு விரல் குறைந்தது. என் கடையிலும் அளவென்றால் அளவுதான். பிறகு அவன் என் தலைமுடியைப் பார்த்துவிட்டு இன்னொரு பலகையைக் காட்டினான். செல்வி படித்துச் சொன்னாள்: அறுபது வயதுக்கு மேல், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஏறக்கூடாது. எனக்கு இரண்டும் உண்டு. அவனே, "மேடம் போகலாம்" என்று செல்வியைக் காட்டினான்.

"நானா? எனக்கெதுக்கு?"

"போம்மா. உனக்குச் சீட்டு வாங்கியிருக்குல்ல."

இரண்டு தரம் மறுத்தாள். மூன்றாம் தரம் துப்பட்டாவை என் தோளில் போட்டாள், கைப்பையை என் கையில் கொடுத்தாள், செருப்பை என் காலருகே விட்டாள், போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். நானும் யாழினியும் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். ரயில் கிர்கிர்ரென்று மேலே ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. வேலைக்குப் போகிற, வீட்டுக்கடன் கட்டுகிற, எல்லாவற்றையும் நாலு பேரைக் கேட்டுச் செய்கிற என் மகள் இரண்டு கையையும் தூக்கி, "அப்பா, பாருப்பா, இங்க பாருப்பா" என்று கத்தினாள். சரிந்து, வளைந்து, மறுபடி ஏறும்போதும் அதையேதான் கத்தினாள். நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கண்ணாடி மங்கிப்போயிற்று, கடற்கரைப் பக்கம் அல்லவா, உப்புக்காற்று.

யாழினி என் சட்டையை இழுத்தாள். "அம்மா யாரைக் கூப்பிடுறா?"

"என்னைத்தான்."

"நீ அம்மாவுக்கு அப்பாவா?"

"ஆமா கண்ணு."

அவள் மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப நம்ம வீட்டுலயே இருக்கலாம்ல தாத்தா?" என்று கேட்டு, கைப்பை பிடித்திருந்த என் கையிலேயே ஒரு விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

ஓமானியப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். இவளுக்குச் சொல்ல இருந்தது இவ்வளவுதான்: "கடை இருக்கேம்மா" என்றேன். "கடையை இங்க எடுத்துட்டு வா" என்றாள்.

எந்த வயதில் அழைத்துப் போகலாம் என்று என்னைக் கேட்கிற வளைகுடாத் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: பிள்ளைக்கு எது சரியான வயதோ எனக்குத் தெரியாது. லீவு கிடைக்கிற வயதில் அழைத்துப் போங்கள். அவள் இதை மறந்துதான் போவாள், செல்வி சொன்னது சரி. செல்வி மறக்கமாட்டாள்.

கிளம்புகிற நாள் காலையில் யாழினி ஒரு பென்சிலும் அடிக்கோலும் கொண்டுவந்தாள். பார்க்குக்குப் போய் வந்ததிலிருந்து அவளுக்கு அளக்கிற பைத்தியம். கூடத்துச் சுவரில் அவளை நிற்கவைத்து ஒரு கோடு போட்டோம். அம்மாவுக்கு ஒரு கோடு. பிறகு நாற்காலி போட்டு ஏறி, என் தலையில் அடிக்கோலை வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, தாத்தாவுக்கு ஒரு கோடு போட்டாள். வீட்டுக்கு அடுத்த தரம் வர்ணம் பூசும்போது அந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்று செல்வியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ருவியில் என் வீடு வாடகை வீடு. ஆணி அடித்தால்கூடக் காலி செய்யும்போது கேட்பார்கள். நேற்றுக் கடை சாத்திவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் முதுகை ஒட்டி நின்று பார்த்தேன். உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, நகர்ந்து, திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். என் உயரம் அடையாற்றில் இருக்கிறது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்க இன்னா பண்ற?" என்று கேட்டாள்.