ஒரு நிமிஷம் அக்காவின் பென் டிரைவ்

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் மெஷின் பழுது பார்க்கப் போகிற இடங்களில் அதைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "ஒரு நிமிஷம் அக்கா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஸ்க்ரூவைக் கழற்றும் முன் ஒரு நிமிஷம், ஸ்விட்சைப் போடும் முன் ஒரு நிமிஷம், சாப்பிடக் கூப்பிட்டால் அதற்கும் ஒரு நிமிஷம். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோது மட்டும் சட்டென்று தலையாட்டிவிட்டாள், அதற்குத்தான் இப்போது ஈடு கட்டுகிறாள் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்தப் பழக்கம் கல்யாணத்தில் வந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையில் வந்தது. இன்று மத்தியானம் அதே பண்ணையின் வாசலில்தான் அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். 

காரியம் இதுதான். முட்டை பொரிக்கும் மெஷின் ஒன்றில் சூட்டைப் பார்த்துச் சொல்லும் சென்சார் விடியற்காலையில் செத்துப்போயிருந்தது. உள்ளே பன்னிரண்டாயிரம் முட்டைகள், பொரிக்க வேண்டிய இருபத்தொரு நாளில் பதினைந்தாம் நாள். மற்ற மெஷின்களில் இடமில்லை. பழைய மாதிரி சென்சார் இப்போது வருவதும் இல்லை. புது சென்சார் பேசுவது மெஷினுக்குப் புரிய வேண்டுமானால், உள்ளே இருக்கும் போர்டில் பழைய புரோகிராமை அழித்துப் புதியதை ஏற்ற வேண்டும். அது அக்காவின் பையில், ஒரு மாத்திரை டப்பாவுக்குள், பென் டிரைவில் இருந்தது.

மெஷின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் அங்கே வேலை பார்க்கும் அக்காவின் நாத்தனார். விடியற்காலையிலிருந்து கண்ணாடி வழியே தெர்மாமீட்டரைப் பார்ப்பதும், சூடு இறங்கினால் ஹீட்டரைக் கையால் போடுவதும், ஏறினால் நிறுத்துவதுமாக இருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அக்காவைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேடம்" என்றாள். அண்ணி என்று கூப்பிட்டு மூன்று வருஷமாகிறது.

அந்த மூன்று வருஷக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அக்கா வேலையில் சேர்ந்த புதிது. இதே அறை, பக்கத்து மெஷின், இதே மாதிரி புரோகிராம் ஏற்றும் வேலை. ஏற்றும்போது மெஷினின் திரை இருண்டுவிடும். பழையது அழிந்து புதியது முழுதாகச் சேரும்வரை அந்தப் போர்டுக்கு எதுவும் தெரியாது, திரையில் ஓர் எழுத்தைக் காட்டக்கூடத் தெரியாது. பென் டிரைவின் குட்டி விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அந்த விளக்கும் நின்றது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார், மெஷின் மாட்டிக்கொண்டது என்று நினைத்தார், பிளக்கைப் பிடுங்கினார். போர்டு அதோடு செத்தது. எழுதி முடித்ததை அது ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் தானே எழுந்திருக்கும் என்று அக்கா வேலை பார்க்கும் மெஷின் கம்பெனியில் பிறகு சொன்னார்கள். அதற்குள் ஆறாயிரம் முட்டைகள் வீணாகிவிட்டன.

முதலாளி வந்து யார் செய்தது என்று கேட்டபோது, "நான்தாங்க, கால் தடுக்கி பிளக் கழண்டுடுச்சு" என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். அண்ணனுக்கு அப்போது வேலை இல்லை, அண்ணியின் வேலையும் போனால் வீடு நாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது. அக்கா வாயைத் திறக்கவில்லை. முதல் வாரம் பயம். அப்புறம் வெட்கம். அதற்கப்புறம், இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததே பெரிய வெட்கமாகிவிட்டது. அவரை நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது அநியாயம்.

அக்கா பவரை நிறுத்திப் புது சென்சாரை மாட்டினார். பென் டிரைவில் அந்த ஒரு ஃபைல்தான் இருக்கிறதா, அந்த மெஷினின் மாடலுக்கு உரியதுதானா என்று லேப்டாப்பில் இரண்டு தடவை பார்த்தார். முதலாளியும் வந்து நின்றுகொண்டார். அவர் அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாத்தனாரைப் பார்த்துத்தான் பேசினார்.

"போன தடவை மாதிரி ஏதாவது பண்ணி வெச்சிடாதே. பிளக் பக்கமே வராதே. இந்த பேட்ச்சும் போச்சுன்னா நீ நாளைக்கு வர வேண்டாம்."

"சரிங்க" என்றாள் அவள். சுவரோரம் தள்ளி நின்றாள். அக்காவின் காது சூடானது.

பென் டிரைவைச் செருகிப் பவரைப் போட்டார். திரை ஒரு தடவை மின்னி இருண்டது. விசிறி சுற்றவில்லை. அந்த விசிறியும் போர்டு சொல்வதைத்தான் கேட்கும். அரை மணி நேரம் காற்றில்லாமல் போனால் பதினைந்து நாள் முட்டைகள் மூச்சுமுட்டிப் போகும். வேறு போர்டு வர ஒரு வாரம் ஆகும். அறையில் விளக்கின் சிமிட்டலைத் தவிர எதுவும் அசையவில்லை.

ஒரு நிமிஷம். இரண்டு. இரண்டரையில் சிமிட்டல் நின்றது.

இங்கேதான் என்று அக்காவுக்குத் தெரியும். சரிபார்க்கிறது, தொடக்கூடாது, தெரியும். மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று நிமிஷம் ஆனது. முதலாளி தொண்டையைச் செருமினார். மூன்றரை. இந்தப் புரோகிராம் பெரியது, நேரம் கூடத்தான் எடுக்கும். எவ்வளவு கூட என்று எந்தக் காகிதத்திலும் போட்டிருக்கவில்லை. நான்கு.

"மாட்டிக்கிச்சு போல. ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போட்டுப் பாருங்களேன்" என்றார் முதலாளி.

அக்கா வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தார். வாய் வரவில்லை. கை போனது. தன் கை பிளக்கை நோக்கிப் போவதை அவரே வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். சுவரோரம் நின்றவள், பிளக் பக்கமே வரக்கூடாது என்று சொல்லப்பட்டவள், வந்து நின்றிருந்தாள்.

"ஒரு நிமிஷம் அண்ணி" என்றாள்.

முதலாளி அவளைத் தள்ளிப் போகச் சொன்னார். அவள் போகவில்லை. பிடியையும் விடவில்லை. அவளுடைய உள்ளங்கை வேர்வையில் வழுக்கியது. அக்கா மனதுக்குள் எண்ணத் தொடங்கினார், இருபதுக்கு மேல் எண் தப்பித் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினார்.

திரையில் ஒரு கோடு வந்தது. பிறகு எண்கள். முப்பத்தாறு புள்ளி ஒன்பது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. ஹீட்டர் தானாகவே 'டிக்' என்று ஓடத் தொடங்கியது.

முதலாளி பெருமூச்சு விட்டு, நல்லவேளை என்றார். நாத்தனாரிடம் திரும்பி, இந்தத் தடவையாவது ஒழுங்காக இருந்தாயே என்று சொல்ல ஆரம்பித்தார். அக்கா குறுக்கே புகுந்தார். அவர் யாருடைய பேச்சிலும் குறுக்கே புகுந்ததே கிடையாது.

"அன்னைக்குப் பிளக்கைப் பிடுங்கினது நான்தாங்க. இவ இல்ல. இவ மேல எந்தத் தப்பும் இல்ல."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாயங்காலம் ஆபீசுக்கு வாங்க, ரெண்டு பேரும், என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். தன் வேலை என்ன ஆகும் என்று அக்காவுக்கே தெரியவில்லை. பென் டிரைவைக் கழற்றி மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார்.

நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா வேர்வையா என்று பார்க்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. அவள் திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னு எல்லாரையும் காக்க வெப்பீங்க. என்னை மூணு வருஷம் காக்க வெச்சுட்டீங்களே அண்ணி."