சாமி படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு அறிவித்தல்

என் வேலை என்னவென்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் என்னால் விளங்க வைக்க முடிந்ததில்லை. கிளைடர் என்றால் என்ஜின் இல்லாத விமானம், காற்றிலேயே மிதந்து போகும் என்று சொன்னால், "அப்ப விழுந்துராதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகளை அதில் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பழுதுபார்க்கும் ஒரு வெளிநாட்டுப் பட்டறைக்காக, பதுளை டவுனில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை செய்கிறேன். கருவி எதையும் நான் தொட்டதே இல்லை. அவற்றின் பேப்பர்களைத்தான் பார்க்கிறேன்.

பேப்பர் என்றால் ஒன்றல்ல. இந்த மாடலை விமானத்தில் வைக்கலாம் என்று ஓர் அங்கீகாரம் இருக்கும். பட்டறையில் சோதித்தபோது முள் எப்படி நின்றது என்று ஒரு சோதனைச் சீட்டு இருக்கும். இந்தக் கருவியை இனிப் பொருத்தலாம் என்று ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேறாக இருக்கும். அந்தக் கையெழுத்து இல்லாமல் உயரமானி மேலே போகாது, அது எவ்வளவு சரியாகக் காட்டினாலும் சரி. கிளைடர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சோதனைச் சீட்டை மட்டும் அனுப்பிவிட்டு, அனுமதிதான் இருக்கிறதே என்று கோபப்படுவார்கள். சோதித்தது வேறு, அனுமதித்தது வேறு என்று அவர்களுக்குப் பொறுமையாக எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்குப் பொறுமை எழுத்தில் மட்டும்தான் வரும்.

சோதனையில் தேறாத கருவியில் சிவப்புச் சீட்டைக் கட்டி, தனி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். யாராவது தெரியாமல் எடுத்து மறுபடி விமானத்தில் வைத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

போன மழையில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. வெடிப்பு எங்கள் ஒற்றை அறை வீடான காம்பராவின் பின்சுவர்வரை வந்தது. அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறார், இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். லயத்து ஆட்களை எல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இது குடியிருக்கத் தகுந்த இடமல்ல, உடனே வெளியேற வேண்டும் என்று, ஒவ்வொரு காம்பராவுக்கும் இருப்பவரின் பெயர் போட்டுச் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவித்தல் கொடுத்தார்கள். பிறகு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றார்கள். எல்லோரும் அதே லயத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு நான் ஓடிப்போனபோது, அந்த அறிவித்தல் பிளாஸ்டிக் உறைக்குள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"இது என்னம்மா?"

"ஏன், ஒனக்கு வாசிக்கத் தெரியாதா? வீட்டுப் பேப்பரு."

"வீட்டுப் பேப்பர் இல்லம்மா. இங்க இருக்காத, போயிருன்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கட்டும். கிராம சேவகர் எனக்கும் வாசிச்சுக் காட்டுனாரு. யாரு இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு? ஏம் பேரு. எந்த வீட்டுலன்னு போட்டிருக்கு? இந்த வீட்டுல. சீலும் குத்தியிருக்கு. எங்கப்பா இந்தக் காம்பராவுலயே பொறந்து இங்கயே செத்தாரு. அவருக்கு இப்படி ஒரு பேப்பரு கெடச்சுதா?"

உலகத்துக்கே விளக்கம் எழுதுகிறவள் நான், விடுவேனா. "அம்மா, வந்து பாத்தாங்கன்னுதான் இதுல இருக்கு. ஒனக்கு எதையும் குடுத்தாங்கன்னு இல்ல."

"பாத்தவங்கதான குடுக்கணும். பாக்காம எப்பிடிக் குடுப்பாங்க?"

பதுளைக்கு என்னோடு வந்துவிடச் சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன். "நான் வந்துட்டா காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நாளைக்கு வீடு குடுக்கறப்ப, நீ எங்க இருந்தேன்னு கேட்டா என்னத்தக் காட்டுறது?" என்றார். அவர் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாற்று வீடு கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். தோட்ட ஆபீஸில், காணி அரசாங்கத்துடையது என்றார்கள். அரசாங்க ஆபீஸில், காணியைத் தோட்டம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். மாற்று இடத்தையும் சோதித்து அனுமதி வர வேண்டுமாம், கேட்டு எழுதியிருக்கிறார்களாம். கடைசியில் யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டேன். என் தொழிலில் நான் படித்துக்கொண்ட கேள்வி அது ஒன்றுதான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். பதிலுக்கு, தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டார்.

அந்த வாரம் ஒரு கிளைடர்காரர் பட்டறைக்கு எழுதியிருந்தார். தன்னுடைய உயரமானிக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டிவிட்டீர்கள், முள் கொஞ்சம்தானே பிசகுகிறது, இந்தக் கோடைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேனே என்று. ஒரு நாள்கூட முடியாது, உள்ளே இருப்பது மனித உயிர் என்று பதில் எழுதினேன். அனுப்பிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

பிறகு அம்மா போனில் கூப்பிட்டார். "மேல் லயத்து ஆளுகளுக்கு அந்தப் பேப்பரு குடுக்கலயாம் புள்ள. வெடிப்பு அங்கயுந்தான் விழுந்திருக்கு. நீ எழுதுற ஆளுதான, அவங்களுக்கும் ஒன்னு கேட்டு எழுதிக் குடு."

என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது, மேல் லயத்துக்காரர்கள் அடையாள அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றார்கள். தங்களுக்குத்தான் அதிர்ஷ்டம் இல்லை என்ற முகம் எல்லோருக்கும். நான் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் வீடும் ஆபத்தானதுதான், வந்து பார்த்து எங்கள் பெயருக்கும் ஓர் அறிவித்தல் தாருங்கள் என்று, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக எழுதினேன். எழுத்தில் குறை எதுவும் வைக்கவில்லை. அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

சாயந்தரம் நமுனுகுல மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அம்மா வெடித்த சுவரோரம், அந்த அறிவித்தலுக்குக் கீழே பாயை விரித்தார்.

"நீ உள்பக்கமாப் படு, சாரல் அடிக்காது" என்றார்.

உள்பக்கம் என்றால் மலைப்பக்கம். தகரத்தில் தூறல் விழத் தொடங்கியது. நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.