தீர்த்தம் ஊற்றிய பேட்டரி

சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். முன்பு எங்கள் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் என்னைக் கண்டு அருகே வந்து, அந்தோணிசாமி காலையில் தவறிவிட்டார், மாரடைப்பு என்றார். எடுத்த முருங்கைக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு, அவர் வீடு இருந்த மார்சிலிங்குக்குப் பஸ் ஏறினேன்.

பட்டறையின் பேட்டரி அறையில் நானும் அவரும் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். பேட்டரிக்கு காய்ச்சி வடித்த வடிநீர் ஊற்றும் முன், உப்புக் கரிக்கிறதா என்று ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். நாங்கள் கேலி செய்வோம். அவர் ஒருநாளும் விட்டதில்லை.

அப்போது அவர் வடக்கே கம்பம் என்கிற தகரக்கூரைக் கிராமம் ஒன்றில் குடியிருந்தார். அரசாங்கம் எப்படியும் காலி செய்யப்போகிற நிலம் என்பதால் மின்கம்பி தெருமுனையோடு நின்றுவிட்டது. கடலில் மிதவை விளக்குக்குப் பயன்பட்ட சூரியத் தகடு ஒன்று, மூலை விரிசல் விட்டதால் பட்டறையில் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. மேலாளரிடம் எழுதிக் கேட்டு வாங்கி, அதைத் தகரக் கூரையில் மாட்டினார். கீழே இரண்டு பேட்டரிகள், ஒரு குழல்விளக்கு. அவ்வளவுதான் அந்த வீட்டு மின்சாரம். வானம் மூடியிருந்த நாளில் விருந்தாளி வந்தால், "இன்னிக்கு வெயில் இல்லலா, சீக்கிரம் சாப்ட்டுக் கெளம்புங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

அந்த விளக்கு அவர் மனைவி லூர்துக்காக. பகலில் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை, மாலையில் தாதியர் தேர்வுக்குப் படிப்பு. மண்ணெண்ணெய்ப் புகை பட்டால் அவருக்கு மூச்சு இழுக்கும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தது. சும்மா இருக்காமல், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆரஞ்சு பாட்டிலை எடுத்து இரண்டிலும் ஊற்றிவிட்டேன். வடிநீரை அவர் அதே மாதிரி பாட்டிலில்தான் வைத்திருப்பார். நான் ஊற்றியது ஈஸ்டருக்கு ஃபாதர் உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தம். எங்கள் வீட்டில் தீர்த்தம் செம்பில் இருக்கும். பாட்டிலில் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் பேட்டரிக்காரன் நான். நாக்கில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

உப்பு இறங்கி, ஒரே வாரத்தில் இரண்டு பேட்டரியும் மின்னேற்றம் பிடிக்காமல் போயின. அன்றும் நான் அங்கே போயிருந்தேன். அவர் அந்த ஆரஞ்சு பாட்டிலை நாக்கில் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். லூர்து வெளியே வந்து, யார் செய்த வேலை இது என்று கேட்டார். நான் குனிந்து பேட்டரி மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நான்தான். பாட்டில மாத்தி எடுத்துட்டேன்" என்றார் அந்தோணிசாமி.

மிச்சமிருந்த நாட்களில் தினமும் மாலை மனைவியைச் சைக்கிளில் உட்காரவைத்து மார்சிலிங் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். அங்கே எரிந்த விளக்கில் அவர் படிக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து கொசு விரட்டினார். லூர்து அந்த வருடம் தேறவில்லை. அடுத்த வருடம்தான் தேறினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் சொன்னபோது அவர் தடுத்தார். "என்னைத் திட்டுவா, அப்புறம் சோறு போட்டுருவா. ஒன்னையத் திட்டுனா நீ எங்க வீட்டுப் பக்கமே வரமாட்டடா." எனக்கும் அது வசதியாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன். தீர்த்தத்தை வைத்து லூர்து அவரைக் குத்திப் பேசும்போது, எதிரே உட்கார்ந்து சிரித்துமிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவர்களுக்கு மார்சிலிங்கில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அங்கே சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம்.

அடக்கம் முடிந்த மறுநாள் லூர்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஒரு வருஷம் நான் அவர்கிட்ட முகங்குடுத்தே பேசலண்ணே" என்றார்.

மன்னித்ததாகச் சொல்லவில்லை. நான் செருப்பை மாட்டும்போது, முப்பதாம் நாள் பூசைக்கு வந்துவிடுங்கள் என்றார்.

போவேன். அவருடைய தகடும் பேட்டரியும் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. எனக்கென்று அவர் வைத்துவிட்டுப் போனது, எனக்கு அடைக்காமல் காத்த அந்த வீட்டு வாசல். அதற்கு அவர் கொடுத்த விலை, தம் மனைவியோடு பேசிச் சிரித்திருக்க வேண்டிய ஒரு வருடம்.