வேப்பெண்ணெய் தடவாத செருப்பு

எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு ராக்கி என்று பெயர் வைத்தது நான்தான். பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போயிருந்த பெரியப்பா அதை எங்கிருந்தோ கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, யாரும் திட்ட ஆரம்பிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பல் நமநமவென்று இருந்திருக்க வேண்டும். அப்பாவின் சார்ஜர் வயர், அண்ணனின் கிரிக்கெட் பந்து, அம்மா ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப்போன செருப்பு என்று ஒவ்வொன்றாகக் காலி செய்தது. கடிக்கட்டுமே என்று தேங்காய் மட்டையைப் போட்டோம். அதை மோந்து பார்த்துவிட்டு நேராக டிவி ரிமோட்டிடம் போனது.

ரிமோட் போன அன்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு சாமானக் கடிக்கட்டும், வண்டியில வெச்சு ஏரியூரத் தாண்டி வுட்டுட்டு வந்துர்றன்." அப்பா சொன்னால் செய்வார். ஒரு பூனை ஏற்கெனவே அப்படிப் போயிருந்தது. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்படியும் பார்த்துக்கொண்டேன். அண்ணன் என் முட்டையையும் சேர்த்துத் தின்றான்.

அம்மாதான் வழி சொன்னாள். "உனக்குப் பால மறக்கடிக்க வேப்பெண்ணதான் தடவுனேன். அத்தோட கிட்ட வரல நீயி. நாயி மட்டும் வந்துருமா?"

தக்காளிச் செடிக்கு அடிப்பதற்காக வேப்பெண்ணெய் கேன் எப்போதும் வீட்டில் இருக்கும். அப்பா அதில் மிளகாய்த்தூளைக் கலந்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் கட்டில் கால், கதவு மூலை, படியில் கிடந்த செருப்புகள் என்று எல்லாவற்றுக்கும் அடித்தார். வேண்டாவெறுப்பாகத் தொடங்கியவருக்குப் போகப்போக அதில் ருசி தட்டிவிட்டது. வந்தவர்களின் செருப்பையும் விடவில்லை. டிஷ் சரிசெய்ய வந்தவர், ஓட்டு கேட்டு வந்தவர்கள், தருமபுரியிலிருந்து வந்த சித்தப்பா என்று யார் படியில் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாலும், அப்பா பிரஷ்ஷோடு மெல்ல வெளியே நழுவிவிடுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார் என்று சித்தப்பா போன் செய்து சண்டை பிடித்தார். ராக்கி ஒவ்வொரு செருப்பையும் நக்கிப் பார்த்துத் தும்மிவிட்டு விலகியது. வீடே நாறினாலும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

முனியன் எங்கள் தோட்டத்தில் வேலை செய்துவந்தவர். தண்ணீர் கட்டுவது, மருந்தடிப்பது எல்லாம் அவர்தான். அப்பாவைவிட மூத்தவர். ஆனாலும் அப்பா அவரை வாடா போடா என்பார். நானும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவரோ எங்கள் எல்லோரையும், என்னையும்கூட, வாங்க போங்க என்றுதான் பேசுவார். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முனியன் வெள்ளை வேட்டியும் புதுச் செருப்புமாக வந்தார். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்திருப்பார்கள், அவர்கள் முன்னால் நல்லபடியாகப் போய் நிற்க வேண்டும் என்று வாங்கிய செருப்பு அது. போகிற வழியில் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் திருப்பிவிட்டுப் போகச் சொல்லி அப்பா போன் செய்திருந்தார். முனியன் எப்போதும்போல் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்துப் புங்கமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்குள் போனார்.

அவர் திரும்பி வந்தபோது ஒரு செருப்பின் வார் ராக்கியின் வாயில் இருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். அதற்குள் அப்பாவும் வெளியே வந்துவிட்டார். இனி ஏரியூர்தான் என்று நினைத்து, ராக்கியைத் தூக்கி இறுக்கிக்கொண்டு அழத் தொடங்கினேன்.

அப்பா செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "அட, எதுக்குடி அழுவுற? வூட்டுச் சாமான் ஒண்ணயும் தொடலயே. எண்ண நல்லா வேல செய்யுது!"

முனியனும் சிரித்தார். "பாப்பா, அழாதீங்க. குட்டிதானுங்க, அதுக்கென்னங்க தெரியும்? அப்பா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க." கேட்டில் தொங்கிய சணலை எடுத்து வாரைக் கட்டிப் பார்த்தார். காலை நுழைத்ததும் அது மறுபடி பிய்த்துக்கொண்டது.

"ஆஸ்பத்திரியில உங்கால யார்றா பாக்கப் போறாங்க? போய்ப் புள்ளயப் பாத்துட்டு வா" என்றார் அப்பா.

"செரிங்க" என்றார் முனியன்.

ராக்கி தப்பித்துவிட்டது. அது கடித்தது கணக்கில் வராது என்று அப்பாவே சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. சணல் தொங்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டியில், வெறுங்காலோடு முனியன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருக்கு ஏதாவது உதவி செய்ய வேண்டும்போல் இருந்தது. எனக்குத் தோன்றிய நல்ல யோசனையைச் சொன்னேன்.

"முனியா, இனிமே நீயும் செருப்ப எங்க படியிலயே வுடு. அப்பா எண்ண தடவி வெச்சிருவாரு. எல்லாருக்கும் தடவுறாரில்ல?"

அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். இன்னும் குளிக்கவில்லையா என்று அம்மா உள்ளேயிருந்து என்னை அதட்டினாள். முனியன் குனிந்து, நான் இறக்கிவிட்டிருந்த ராக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கேட் கம்பியில் ஏறி நின்று, இன்னும் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.